நார்த் ஹோர் தொகுதியை நாலு வரியில் முடிக்காதீர்கள்: தமிழ்ச் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,

வணக்கம். தமிழ் நாளிதழ்களிலும் செய்தித் தளங்களிலும் வெளிநாட்டுச் செய்திகளைத் தேர்ந்தெடுத்து, சுருக்கி, மொழிபெயர்த்துத் தருகிறவர்கள் நீங்கள். அந்த வேலைக்குக் கிடைக்கும் நேரமும் இடமும் எவ்வளவு குறைவு என்பது எனக்குத் தெரியும். என் சித்தப்பா முப்பது வருடம் அப்படிப்பட்ட மேசையில்தான் உட்கார்ந்திருந்தார். குறை சொல்வதற்காக மட்டும் எழுதவில்லை, ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. கென்யாவின் அடுத்த பொதுத் தேர்தல் 2027 ஆகஸ்ட் 10 அன்று. அதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

2022 ஆகஸ்ட் 9 அன்று அந்த நாட்டில் தேர்தல் நடந்தபோது நான் அதன் வடக்கே மார்சபிட் என்ற மலையூரில் இருந்தேன். ஆழ்துளைக் கிணறுகளுக்கு சோலார் பம்பு மாட்டுவதும், மாட்டியவை நின்றுபோனால் போய்ப் பார்ப்பதும் என் வேலை. தேர்தல் முடிந்து மூன்றாம் நாள் அப்பா போன் செய்தார். குரலில் பதற்றம். "அங்கே ஒருத்தரை ஒருத்தர் வெட்டிக்கொள்கிறார்களாமே, பேப்பரில் போட்டிருக்கிறான், கிளம்பி வந்துவிடு" என்றார். அப்போது நான் ஒரு டீக்கடை வாசலில் உட்கார்ந்து, வானொலியில் ஓட்டு எண்ணிக்கை கேட்டுக்கொண்டிருந்த கிழவர்களோடு இருந்தேன். அன்று அந்தத் தெருவில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு அப்பா செய்தியைப் படம் எடுத்து அனுப்பினார். நாலே வரி. பழங்குடி இனப் பகை, ரத்தம், பதற்றம் என்ற மூன்று சொற்களைச் சுற்றி எழுதப்பட்டிருந்தது. எந்த ஊர், எந்தத் தொகுதி, யார் யாருக்குள் என்ன சச்சரவு என்று ஒரு சொல்கூட இல்லை. ஆசிரியருக்குக் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை.

அப்பாவின் பயம் ஆதாரமில்லாதது என்றும் சொல்ல மாட்டேன். அதே ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் மார்சபிட்டில் அரசாங்கம் இரவு ஊரடங்கு போட்டது. அதற்கு முன் பல மாதங்களாகக் கொலைகள் நடந்திருந்தன. சச்சரவு உண்மை. ஆனால் அதன் காரணம் அந்த நாலு வரியில் சொன்னது அல்ல. காரணம் நிலத்திலும், தண்ணீரிலும், தொகுதிக் கோட்டிலும் இருக்கிறது. அதை ஒரே ஒரு தொகுதியை வைத்துச் சொல்லப் பார்க்கிறேன்.

அந்தத் தொகுதியின் பெயர் நார்த் ஹோர். மார்சபிட் கவுன்டியில் நான்கு தொகுதிகள்: மொயாலே, சாக்கு, லைசாமிஸ், நார்த் ஹோர். கவுன்டி என்பது நம் மாவட்டம் போல ஒன்று; ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளுநரும் அவையும் சொந்த நிதியும் உள்ள அமைப்பு. கென்யாவின் 290 தொகுதிகளில் பரப்பளவில் பெரியது நார்த் ஹோர்தான். ஏறக்குறைய 39,000 சதுர கிலோமீட்டர். இதை எழுதும்போது எனக்கு உடனே கேரளம்தான் ஞாபகம் வருகிறது, ஏனென்றால் கேரள மாநிலத்தின் பரப்பும் 38,863 சதுர கிலோமீட்டர்தான். நம் பக்கத்து மாநிலம் மக்களவைக்கு 20 பேரையும் சட்டமன்றத்துக்கு 140 பேரையும் அனுப்புகிறது. அதே அளவு நிலத்திலிருந்து நைரோபி நாடாளுமன்றத்துக்கு ஒரே ஒருவர் போகிறார். கவுன்டி அவைக்கு டுகானா, மைகோனா, துர்பி, நார்த் ஹோர், இல்லெரெட் என்ற ஐந்து வார்டுகளிலிருந்து ஐந்து பேர்.

நிலத்தைக் கொஞ்சம் மெதுவாகப் பாருங்கள். மார்சபிட் மலை பச்சையானது, காடும் பனிமூட்டமும் உண்டு. அங்கிருந்து வடமேற்கே இறங்கினால் கறுப்பு எரிமலைக் கற்கள். மைல்கணக்கில் கல், நடுவில் வண்டித் தடம். கற்கள் முடிகிற இடத்தில் சால்பி பாலைவனம். உப்புப் பூத்த, வெள்ளை வெளேரென்ற தட்டை நிலம். பழைய காலத்தில் அது ஒரு ஏரி. இப்போதும் நல்ல மழை பெய்தால் சில வாரங்களுக்கு ஏரியாகிவிடும், அப்போது வண்டி போகாது. சால்பியின் ஓரத்தில் பூமிக்கடியிலிருந்து ஊற்றுகள் வெளியே வருகின்றன. மைகோனா, கலாச்சா, நார்த் ஹோர் ஊர் எல்லாம் அந்த ஊற்றுகளை ஒட்டி உட்கார்ந்தவை. வடக்கே ஹுரி மலைகள், அதைத் தாண்டினால் எத்தியோப்பியா. மேற்கே துர்கானா ஏரி. ஏரிக்கரையில் சிபிலோய் தேசியப் பூங்காவும், மனித மூதாதையரின் எலும்புகள் கிடைத்த கூபி ஃபோராவும் இருக்கின்றன. 1972-இல் கண்டெடுத்த, 1470 என்ற எண்ணால் உலகம் முழுக்க அறியப்பட்ட மண்டை ஓடு இந்தத் தொகுதியின் மண்ணில் கிடைத்ததுதான். இல்லெரெட் பக்கத்தில் 15 லட்சம் ஆண்டு பழைய காலடித் தடங்கள் இருக்கின்றன. உலகத்தின் பள்ளிப் பாடப்புத்தகங்களுக்கு இவ்வளவு கொடுத்த இடத்தின் பெயர் நம் செய்திகளில் ஒரு முறைகூட வந்து நான் பார்த்ததில்லை.

இங்கே பெரும்பாலும் இருப்பவர்கள் கப்ரா மக்கள். ஒட்டகம் வளர்ப்பவர்கள். ஒட்டகத்தோடு ஆடும், கொஞ்சம் மாடும். அவர்களுக்குள் ஐந்து பெரும் குலக்கிளைகள் உண்டு. ஒவ்வொரு கிளைக்கும் 'யா' என்று ஒரு நடமாடும் தலைமைக் குடியிருப்பு. கூடாரங்களும் பெரியவர்களும் சடங்குகளும் சேர்ந்த அந்தக் குடியிருப்பும் மேய்ச்சலைத் தேடி நகரும். கறவை ஒட்டகங்கள் குடும்பத்தோடு ஊற்றின் பக்கம் நிற்கும். மற்றவற்றை இளைஞர்கள் தூரத்து மேய்ச்சலுக்கு ஓட்டிப் போவார்கள். அந்தத் தற்காலிகப் பட்டிக்கு 'ஃபோரா' என்று பெயர். வறட்சி கடுமையானால் ஃபோரா எல்லை தாண்டி எத்தியோப்பியாவுக்குள்ளும் போகும்.

இனி தேர்தலுக்கு வருகிறேன். 2010 அரசியலமைப்பின்படி கென்யாவில் பொதுத் தேர்தல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆகஸ்ட் மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை. வடக்கில் பெருமழை மார்ச்சிலிருந்து மே வரை, சிறுமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. ஆகஸ்ட் இந்த இரண்டுக்கும் நடுவில் காய்ந்து கிடக்கும் மாதம். அதாவது மந்தைகள் மிகத் தூரத்தில் இருக்கும் நேரம். ஒருவர் எந்த வாக்குச்சாவடியில் பெயரைப் பதிந்தாரோ அங்கேதான் ஓட்டுப் போட முடியும். அப்புறம் என்ன ஆகும்? ஊற்றின் பக்கம் நிற்கிறவர்கள் ஓட்டுப் போடுவார்கள். ஃபோராவில் இருக்கும் பையன்கள் மந்தையை விட்டுவிட்டு இரண்டு மூன்று நாள் நடந்து வர முடியாது. தேதியைத் தேர்ந்தெடுத்தவர்கள் யாரையும் விலக்க நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் ஒரு தேதி, ஒட்டகம் மேய்க்கிற இருபது வயதுப் பையனை வாக்காளர் பட்டியலில் வெறும் பெயராக மட்டும் வைத்துவிடுகிறது. 2022 ஆகஸ்டில் இது இன்னும் மோசம். 2020 கடைசியிலிருந்து மழை தொடர்ந்து பொய்த்துக்கொண்டிருந்தது. வழியெல்லாம் ஆட்டு எலும்புகள். கலாச்சாவில் ஒரு பெரியவர் என்னிடம், "உங்கள் ஊரில் ஓட்டுப் போட எவ்வளவு தூரம் நடப்பீர்கள்?" என்று கேட்டார். எங்கள் நாட்டில் இரண்டு கிலோமீட்டருக்குள் வாக்குச்சாவடி இருக்க வேண்டும் என்பது விதி என்றேன். அவர் அதை நம்பவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் தங்கள் மொழியில் சொல்லிச் சிரித்தார். பிறகு, "அப்படியானால் உங்கள் ஊரில் எல்லாரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள்" என்றார். அவர் சொன்னது சரிதான்.

பதிவதற்கே அடையாள அட்டை வேண்டும். வடக்கு எல்லைப் பகுதிகளில் பதினெட்டு வயதான ஒருவருக்கு அந்த அட்டை சுலபமாகக் கிடைத்ததில்லை. நைரோபியில் பிறந்தவருக்கு இல்லாத கூடுதல் விசாரணை ஒன்று இங்கே இருந்தது. பாட்டன் யார், எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுப்பவர் என்றெல்லாம் குழு முன் நிரூபிக்க வேண்டும். எத்தியோப்பியப் பக்கத்திலும் இதே மக்கள் இருப்பதால் வந்த சந்தேகம் அது. அதற்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் இந்தப் பகுதி, அனுமதி இல்லாமல் உள்ளே வரவோ வெளியே போகவோ முடியாத மூடிய மாவட்டம். சுதந்திரம் வந்த 1963-லேயே, வடக்கில் பிரிவினை கேட்டவர்களோடு அரசு நடத்திய ஷிஃப்டா போர் தொடங்கி 1967 வரை நீண்டது. அதையொட்டி வந்த அவசரச் சட்டங்கள் 1990-களின் தொடக்கம் வரை வடக்கின் மேல் கிடந்தன. 2025 பிப்ரவரியில்தான் அதிபர் வில்லியம் ரூட்டோ வஜீர் ஊரில் அந்தக் கூடுதல் விசாரணை முடிவுக்கு வருகிறது என்று அறிவித்தார். இந்த ஓர் அறிவிப்பு அந்த மக்களுக்கு எவ்வளவு பெரியது என்று எழுத ஒரு முழுப் பக்கம் வேண்டும். நம் ஊடகங்களில் அதை ஒரு பத்தியாகக்கூட நான் பார்க்கவில்லை.

ஓட்டுப் போட்ட பிறகும் நிலம் விடுவதில்லை. கென்யாவில் ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் எண்ணிக்கை முடிந்ததும் 34 ஏ என்ற படிவத்தை நிரப்பி, படம் எடுத்து, கருவி வழியாக அனுப்ப வேண்டும். 2017-இல் இருந்த 40,883 வாக்குச்சாவடிகளில் 11,155 சாவடிகளுக்கு 3ஜி இணைப்பு இல்லை என்று தேர்தல் ஆணையமே சொன்னது. நாலில் ஒன்றுக்கும் மேல். அங்கிருந்து அதிகாரி சிக்னல் கிடைக்கும் இடம் தேடிப் போய் அனுப்ப வேண்டும். அந்த ஆண்டு அதிபர் தேர்தலை உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 1 அன்று செல்லாது என்று அறிவித்தது. ஆப்பிரிக்காவில் அப்படி ஒரு நீதிமன்றம் அதிபர் தேர்தலை ரத்துசெய்தது அதுதான் முதல் முறை. முடிவுகளை அனுப்பிய விதத்தில் இருந்த குளறுபடிகள் அந்தத் தீர்ப்பின் மையத்தில் இருந்தன. முடிவு தாமதமாகும்போது நாம் உடனே 'தில்லுமுல்லு' என்று தலைப்பு வைக்கிறோம். தில்லுமுல்லும் இருக்கலாம். ஆனால் டுகானாவிலிருந்து ஒரு படம் வந்து சேர ஏன் நேரமாகிறது என்பதற்கு வேறு காரணமும் இருக்கிறது என்பதை ஒரு வரி சொல்லலாமே.

தொகுதி மறுவரையறை என்ற சொல்லைக் கடந்த சில ஆண்டுகளாக நீங்கள் தினமும் அச்சிடுகிறீர்கள். மக்கள்தொகையை மட்டும் வைத்துத் தொகுதிகளைப் பிரித்தால் யாருக்கு என்ன ஆகும் என்று தமிழ் வாசகர்களுக்கு இன்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதே கேள்வி கென்யாவில் இன்னொரு முகத்தோடு நிற்கிறது. இதை மட்டும் நம் ஊடகங்கள் சரியாக எடுத்துச் சொன்னால், கென்யத் தேர்தல் நம் வாசகர்களுக்கு ஒரே நாளில் நெருக்கமாகிவிடும்.

கணக்கு இதுதான். 2009 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கென்யாவின் மக்கள்தொகை 3,86,10,097. அதை 290-ஆல் வகுத்தால் ஒரு தொகுதிக்கு 1,33,138 பேர். அரசியலமைப்பின் 89-ஆவது பிரிவு இந்தச் சராசரியிலிருந்து விலகிப்போக இடம் தருகிறது. நகரங்களிலும், மக்கள் நெருக்கம் குறைந்த பகுதிகளிலும் 40 சதவீதம் வரை கூடலாம், குறையலாம். மற்ற இடங்களில் 30 சதவீதம். நிலத்தின் அமைப்பு, போக்குவரத்து, சமூகங்களின் தொடர்புகள் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. நல்ல சட்டம் என்பது என் கருத்து. ஆனால் நார்த் ஹோரில் அப்போது எண்ணப்பட்டவர்கள் 75,196 பேர். 40 சதவீதச் சலுகையைக் கொடுத்தாலும் வேண்டியது சுமார் 79,900. கேரளத்தின் அளவுள்ள தொகுதி, ஐயாயிரம் பேருக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றுப்போனது. 2012-இல் நடந்த முதல் மறுவரையறையில் ஏற்கெனவே இருந்த எந்தத் தொகுதியும் அழியக் கூடாது என்று அரசியலமைப்பில் ஒரு இடைக்கால விதி இருந்தது. அந்த விதிதான் நார்த் ஹோரைக் காப்பாற்றியது. அந்தக் காப்பு முதல் முறைக்கு மட்டும்.

2012-இல் தொகுதிகள் 210-லிருந்து 290 ஆயின. எண்பது புதிய தொகுதிகள். பக்கத்துத் துர்கானா கவுன்டியில் மூன்று தொகுதிகள் ஆறு ஆயின, மண்டேரா கவுன்டியிலும் அப்படியே. மார்சபிட்டுக்கு ஒன்றுகூட வரவில்லை. முன்பு நான்கு, பின்பும் நான்கு. எண்ணிக்கை அதிகம் வந்த இடங்களுக்குத் தொகுதி போனது. அந்தக் கணக்கெடுப்பில் துர்கானா, மண்டேரா, வஜீர், லாக்டேரா பக்கத்து எட்டு மாவட்டங்களின் எண்ணிக்கை சந்தேகத்துக்குரியது என்று அரசாங்கமே முதலில் நிறுத்திவைத்ததும் நடந்தது. தலை எண்ணிக்கை என்பது தொகுதி என்றானபின், எண்ணுவதே அரசியலாகிவிடுகிறது.

இப்போது 2019 கணக்கெடுப்பை எடுத்தால் ஒரு தொகுதிக்குச் சராசரி 1,64,000. 40 சதவீதம் கழித்தால் 98,000. அந்த எண்ணை எட்டாத தொகுதியை அடுத்த மறுவரையறையில் பக்கத்துத் தொகுதியோடு சேர்த்துவிட முடியும். நார்த் ஹோரையும் தெற்கே இருக்கும் லைசாமிஸையும் சேர்த்தால் அறுபதாயிரம் சதுர கிலோமீட்டரை நெருங்கும். இலங்கைத் தீவைவிடக் கொஞ்சம்தான் சிறியது. அதற்கு ஒரு எம்.பி. அந்த மறுவரையறை அரசியலமைப்பின்படி 2024 மார்ச்சுக்குள் முடிந்திருக்க வேண்டும். 2023 ஜனவரியிலிருந்து ஆணையத்தில் ஆணையர்களே இல்லாமல் போனதால் நடக்கவில்லை. 2025 ஜூலையில்தான் புதிய தலைவர் எராஸ்டஸ் எடுங் எதெகோனும் மற்றவர்களும் பதவி ஏற்றார்கள். அவரே வறண்ட துர்கானாவைச் சேர்ந்தவர்.

எதிர்ப்பக்கம் பேசுகிறவர்களுக்கும் நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. மவுண்ட் கென்யாப் பகுதியின் அரசியல்வாதிகள் 'ஒரு ஆள், ஒரு ஓட்டு, ஒரு ஷில்லிங்' என்று கேட்கிறார்கள். எங்கள் தொகுதியில் இரண்டு லட்சம் பேருக்கு ஒரு எம்.பி., உங்கள் பாலைவனத்தில் எழுபதாயிரம் பேருக்கு ஒரு எம்.பி. என்றால் எங்கள் ஓட்டு மட்டம்தானா என்று அவர்கள் கேட்பதில் தப்பில்லை. நைரோபியின் மத்தாரே மாதிரி சில சதுர கிலோமீட்டரில் நெருக்கியடித்து வாழும் ஏழைகளுக்கும் அந்தக் கேள்வி உண்டு. நான் வடக்கின் பக்கம் நிற்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன். தொகுதியோடு பணமும் வருகிறது என்பதால்தான் நிற்கிறேன். 2003-இல் தொடங்கிய தொகுதி மேம்பாட்டு நிதி எம்.பி.யின் தொகுதி அளவில் செலவாகிறது, பள்ளிக்கூட அறையும் மாணவர் உதவித்தொகையும் அதிலிருந்துதான். அந்தச் சட்டம் செல்லாது என்று 2024-இல் உயர் நீதிமன்றம் சொன்னபோது மார்சபிட் டீக்கடைகளில் பேச்சே அதுவாகத்தான் இருந்தது என்று நண்பர்கள் சொன்னார்கள். சாலை இல்லாத ஊரில் பள்ளி கட்ட சிமென்ட் மூட்டை வந்து சேரும் செலவு நைரோபியைப் போலவா இருக்கும்? சுதந்திரம் வந்த இரண்டாம் ஆண்டில், 1965-இல், கென்ய அரசு ஒரு கொள்கை ஆவணம் வெளியிட்டது. நல்ல மண், மழை, போக்குவரத்து உள்ள, அதிக விளைச்சல் தரும் பகுதிகளில்தான் முதலீட்டைக் குவிக்க வேண்டும் என்பது அதன் சாரம். வடக்கு அந்தப் பட்டியலில் எங்கேயும் இல்லை. இசியோலோவிலிருந்து மொயாலே வரை தார்ச்சாலை முழுமையாக வந்து சேரவே ஐம்பது வருடத்துக்கு மேல் ஆனது. அந்தச் சாலையும் நார்த் ஹோர் தொகுதியின் கிழக்கு ஓரத்தில் துர்பியைத் தொட்டுவிட்டுப் போகிறது. மேற்கே இன்னும் கல்தான், மணல்தான்.

துர்பி என்று எழுதிவிட்டு அதைத் தாண்டிப் போக முடியாது. 2005 ஜூலை 12 காலையில் ஆயுதம் தாங்கியவர்கள் அந்த ஊருக்குள் நுழைந்தார்கள். அறுபது பேர் அளவில் செத்தார்கள். அதில் இருபதுக்கும் மேல் பள்ளிக் குழந்தைகள். கப்ரா குழந்தைகள். அன்றே பழிவாங்கலில், தாக்கியவர்கள் சார்ந்த பக்கத்துச் சமூகமான பொரானா மக்களும், அவர்களுடைய குழந்தைகளும் கொல்லப்பட்டார்கள். கப்ராவும் பொரானாவும் ஒரே ஒரோமோ மொழி பேசுபவர்கள் என்பதை இங்கே கவனியுங்கள். மொழி ஒன்று, பாட்டு ஒன்று, கிணறும் மேய்ச்சலும் ஒன்று. ஒரே கிணற்றுக்கு இரண்டு மந்தை வரும்போதுதான் சண்டை.

நார்த் ஹோரின் எம்.பி.யாக அப்போது இருந்தவர் பொனாயா கொதானா. 1988-இலிருந்து அந்தத் தொகுதியின் பிரதிநிதி. 1998 முதல் 2001 வரை நாட்டின் வெளியுறவு அமைச்சர். நைல், நைஜர், செனகல் நதிகளைப் பல நாடுகள் பங்கிட்டுக்கொள்வதன் சட்டச் சிக்கலை ஆராய்ந்து படித்தவர். ஊற்றுத் தண்ணீருக்கு மந்தைகள் வரிசையில் நிற்கும் ஊரிலிருந்து போனவர் நதிநீர்ச் சட்டத்தைப் படித்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழும். 2006 ஏப்ரல் 10 அன்று அவரும், மொயாலே, சாக்கு, லைசாமிஸ் எம்.பி.க்களும் சமாதானப் பேச்சுக்காக ஒரே ராணுவ விமானத்தில் மார்சபிட்டுக்கு வந்தார்கள். விமானம் மலையில் மோதியது. பதினான்கு பேர் இறந்தார்கள். ஒரு கவுன்டியின் நான்கு தொகுதிகளுக்கும் ஒரே காலையில் பிரதிநிதி இல்லாமல் போனது. பகையாளிகள் என்று எழுதப்படும் சமூகங்களின் தலைவர்கள், சமாதானம் பேசப் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்து செத்தார்கள்.

இடைத்தேர்தலில் வென்ற உக்கூர் யத்தானி, 2013-இல் மார்சபிட்டின் முதல் ஆளுநர் ஆனார். அந்தத் தேர்தலில் ரெண்டில்லே, கப்ரா, புர்ஜி மூன்று சமூகங்களும் சேர்ந்து 'ரெகாபு' என்று கூட்டணி கட்டின. பெயரே மூன்றின் முதல் எழுத்துகள்தான். ரெண்டில்லேயின் மொழி வேறு. ஒரே மொழி பேசும் பொரானாவுக்கு எதிராக வேறு மொழிக்காரரோடு கூட்டு. 2017-இல் காற்று மாறியது. பொரானாவைச் சேர்ந்த முகமூத் அலி ஆளுநரானார், 2022-இலும் வென்றார். பழங்குடி ரத்தம் என்று ஒன்று தானாகவே ஓட்டுப் போடுகிறது என்றால் இந்தக் கூட்டல் கழித்தல் எல்லாம் எதற்கு? ஆளுநர் கையில் நிதி வந்ததும், கவுன்டி என்ற எல்லைக்குள் யாரோடு யார் சேர்ந்தால் ஜெயிக்கலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். நம் ஊரில் கூட்டணிப் பேச்சுவார்த்தை என்று மரியாதையாக எழுதுகிறோமே, அதேதான் இது.

கட்சிப் பெயரும் அங்கே ஒரு வண்டிதான். 2022-இல் நார்த் ஹோரில் வென்றவர் கனு கட்சிக்காரர். 1963-இலிருந்து 2002 வரை நாட்டை ஆண்டு, இப்போது நாடாளுமன்றத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கிய கட்சி. யார் வேட்பாளர் என்பதைப் பெரியவர்கள் மரத்தடியில் கூடிப் பேசி முடிவுசெய்வது வழக்கம். அங்கே அதைப் பேசித் தீர்க்கும் ஜனநாயகம் என்கிறார்கள். ரத்தம் சிந்தாமல் இருக்க அது உதவியிருக்கிறது. ஆனால் அந்த மரத்தடியில் பெண்கள் உட்கார்வதில்லை, ஃபோராவிலிருந்து வரும் பையன்களும் இல்லை. கூடாரத்தைப் பின்னி, கட்டி, பிரித்து, ஒட்டகத்தில் ஏற்றுகிறவள் பெண். நான் பம்பு மாட்டிய ஊர்களில் எல்லாம் எந்தக் குழாய் எத்தனை மணிக்கு நின்றது என்று சரியாகச் சொன்னவர்களும் பெண்கள்தான். யார் எம்.பி. என்பதைப் பேசும்போது மட்டும் அவர்களைக் கேட்பதில்லை. இதை எனக்கு ஏற்க முடியவில்லை, அங்கேயும் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன்.

இன்னொரு மூலை இல்லெரெட். அங்கே இருப்பவர்கள் தாசனெச் மக்கள், இந்தத் தொகுதியில் சிறுபான்மை. அவர்களுடைய சொந்தக்காரர்களில் பெரும்பாலானவர்கள் எல்லைக்கு அப்பால் ஓமோ ஆற்றின் கழிமுகத்தில். துர்கானா ஏரிக்கு வரும் தண்ணீரில் மிகப் பெரும்பகுதி அந்த ஓமோ ஆற்றுத் தண்ணீர்தான். எத்தியோப்பியா அந்த ஆற்றில் கில்கல் கிபே மூன்று அணையைக் கட்டி, 2015-இல் நீரைத் தேக்கத் தொடங்கியது. 2018-இல் யுனெஸ்கோ துர்கானா ஏரித் தேசியப் பூங்காக்களை ஆபத்திலுள்ள பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. மீன் பிடித்து, ஆடு மேய்த்து வாழும் ஒருவர் தன் எம்.பி.யிடம் இதைப் பற்றிக் கேட்டால் அவர் என்ன செய்ய முடியும்? அணை வேறு நாட்டில், மின்சாரமும் வேறு நாட்டில். இப்படிப்பட்ட நேரத்தில்தான் கொதானா போன நூலகங்களை நினைத்துக்கொள்கிறேன்.

மைகோனாவைப் பற்றியும் சொல்லாமல் விட்டால் இந்த மடல் பாதிதான். துர்பி நடந்து நான்கு வருடம் கழித்து, 2009 ஜூலையில், கப்ரா, பொரானா பெரியவர்கள் மைகோனாவிலும் வல்தாவிலும் கூடிப் பேசி ஒரு உடன்படிக்கைக்கு வந்தார்கள். கொலைக்கு என்ன ஈடு, திருடிய மாட்டுக்கு என்ன ஈடு, குற்றவாளியை யார் பிடித்துத் தருவது என்று எழுதி வைத்தார்கள். பின்னால் அது பலமுறை உடைந்தது, 2022-இல் ஊரடங்கு வரும் அளவுக்கு. ஆனாலும் சண்டை வரும்போதெல்லாம் பேசுகிறவர்கள் அந்தக் காகிதத்திலிருந்துதான் மறுபடி ஆரம்பிக்கிறார்கள். சண்டை நம் பத்திரிகைக்கு வருகிறது. காகிதம் வருவதில்லை.

சரி, நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. 2027-இல் கென்யாவைப் பற்றி வரும் ஏஜென்சிச் செய்தியில் 'பழங்குடி மோதல்' என்று பார்த்தால், எந்த ஊர், எந்தச் சமூகங்கள், எதற்காக என்று கேட்டு ஒரு வரி சேருங்கள். அது கிடைக்காவிட்டால் அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். நமக்குள் நடப்பதைச் சாதி என்றும் மதம் என்றும் பெயர் சொல்லி எழுதும் நாம், அவர்களுக்கும் பெயர் சொல்லி எழுத வேண்டும். தேர்தல் நாளன்று நைரோபியிலிருந்து வரும் படத்தோடு வடக்கிலிருந்தும் ஒரு படம் போடுங்கள். மறுவரையறை பற்றி ஒரு கட்டுரை வெளியிடுங்கள். கென்யா 290 தொகுதிகளோடு எப்படிப் போராடுகிறது என்று படிக்க இன்று தமிழ் வாசகர்கள் தயாராக இருக்கிறார்கள் என்பது என் நம்பிக்கை. முடிவு தாமதமானால், ஏன் தாமதம் என்று ஒரு தொலைபேசி அழைப்பு. மார்சபிட்டில் வானொலி நிலையம் இருக்கிறது, நிருபர்கள் இருக்கிறார்கள், ஆங்கிலம் பேசுவார்கள், எடுத்துப் பேசுவார்கள்.

பெயர்களையும் தயவுசெய்து சரியாக எழுதுங்கள். கப்ரா, பொரானா, தாசனெச், ரெண்டில்லே. டுகானா, மைகோனா, கலாச்சா, துர்பி. 2022-இல் அப்பா அனுப்பிய அந்தச் செய்தியில் மார்சபிட் என்ற ஊரின் பெயரே இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருந்தது. உச்சரிப்பில் சந்தேகம் வந்தால் என்னைக் கேளுங்கள். அங்கே இருக்கும் என் நண்பர்களுக்குப் போன் போட்டு, அவர்கள் வாயால் சொல்லவைத்து, பதிவுசெய்து அனுப்புகிறேன். தேர்தல் அன்று இரவு எத்தனை மணியானாலும் கூப்பிடலாம்.

அன்புடன்,
மார்சபிட்டில் இருந்த ஒரு பம்பு மெக்கானிக்